நாடுகாணி

நிலம்பூர் பஸ் மலையேறி நின்ற இடத்தில்
சோதனைச் சாவடிக்காரர்
என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டார்.
பாதி இருந்தது.
படிக்கட்டிலேயே நின்று குடித்து முடித்தேன்,
பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடிக்க.
அதைத் தவிர எல்லை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஃபோன்தான் இரண்டு முறை நல்வரவு சொன்னது,
இரண்டு மொழியில்,
ஒரே வளைவில்.

இடத்தின் பெயர் நாடுகாணி.
நாடு தெரியும் மேடு என்று
பொருள் எடுத்துக்கொண்டு இறங்கினால்
தெரிந்தது பத்தடி:
ஒரு மைல்கல்,
அதன்மேல் ஒரு குரங்கு,
குரங்கின் கையில் என் பாட்டிலின் மூடி.
அதற்கப்பால் மழை.

தேவாலாவுக்குத் தங்கம் பார்க்க வந்திருந்தேன்.
தங்கத்தை அல்ல,
தேடிய குழிகளை.
ஆயிரத்து எண்ணூற்று எண்பதுவாக்கில்
சீமையில் பங்குப் பத்திரம் விற்று
இந்த மலையைக் குடைந்தவர்கள்
சில மழைக்காலத்திலேயே மூட்டை கட்டினார்களாம்.
வங்கியில் வாராக்கடன் பிரிவில்
இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன்
அப்படியொரு குழியைப்
போய்ப் பார்க்க வேண்டாமா?

வெளியன் கூட வந்தான்.
அரிவாளால் உண்ணிச்செடியை ஒதுக்கி
"இதான் சார்" என்றான்.
ஓர் இருட்டு. வாயில் நீர் ஒழுகியது.
கல்லொன்றை உள்ளே போட்டேன்.
விழுந்த சத்தம் வரவில்லை,
வௌவால் வந்தது.
"நீ உள்ளே போயிருக்கியா?"
"எங்கம்மா இங்க வெறகு எடுக்கும்.
உள்ள என்ன வெறகா இருக்கு?"
பிறகு குனிந்து
ஆனைப் பிண்டத்தை ஒரு விரலால் தொட்டான்.
"சூடு ஆறல. போலாம்."

கீழே புஷ்பராணியின் கடை.
கறுப்பு டீ என்றேன் நான்.
கட்டன் என்றார் ஜீப் ஓட்டிய ஹம்சக்கோயா.
அவள் உள்பக்கம் திரும்பி
"ரெண்டு பிளேன்டீ" என்றாள்.
வந்தது ஒரே சாயம்.

"குழி பாக்கவா? எல்லாரும் குழியத்தான் பாக்குறாங்க."

பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயர் சொன்னாள்;
எழுதிவைக்காமல் விட்டுவிட்டேன்.
அப்பாவின் பாஸ்போர்ட்டில் நாலாவது பெயராய்
ஏழு வயதில் கப்பலேறியவள்.
தலைமன்னாரில் குத்திய முத்திரை
இன்னும் ஊதா மாறாமல் இருக்கிறதாம்.
வயதைத்தான் தப்பாக எழுதிவிட்டார்கள்,
ஏழுக்கு நாலு என்று.
"நடுக்கடல்ல மூணு வயசு கொறஞ்சு போச்சு" என்று சிரித்தாள்.
"பென்ஷனுக்கு மூணு வருஷம் கூடக் கொழுந்து எடுக்கணும், அவ்வளவுதான்."

நான் விடவில்லை.
பிரமாணப் பத்திரம், கெஜட், தாசில்தார்,
மருத்துவச் சான்று என்று அடுக்கினேன்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்,
பழைய வாடிக்கையாளர்களின் பெயரைக் கேட்பவள்போல.
முடித்ததும் கேட்டாள்:
"நீங்க கடல் தாண்டியிருக்கீங்களா?"

என் பாஸ்போர்ட்
வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில்,
ஒரு பக்கத்திலும் மை படாமல்
போன வருஷம் காலாவதியானது.
இல்லை என்றேன்.
"சக்கரை போதுமா?" என்றாள்.

இரவு கூடலூர் லாட்ஜில் காலுறையைக் கழற்றினால்
கணுக்காலில் திராட்சை அளவு அட்டை.
உப்புக் கேட்டு அப்படியே கீழே இறங்கினேன்.
"எங்க புடிச்சுது சார்?"
குழி வாயிலா, சாவடியிலா,
கடை பெஞ்சுக்கு அடியிலா...
பையன் சமையலறைக்குப் போய் வருவதற்குள்
அது தானே கடியை விட்டு
மாடிப்படி ஓரமாய் இறங்கிக்கொண்டிருந்தது,
என் ரத்தம் ஒரு ஸ்பூனைச் சுமந்து,
யாரும் நிறுத்தாமல்.